ஹவுஸ்ஹோல்டு: குடும்பமா, குடித்தனமா?

வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர் லைன் வீட்டு வாசலில் நின்று, "உள்ளே எத்தனை குடித்தனம் இருக்கு?" என்று கேட்பார். எத்தனை குடும்பம் என்று கேட்க மாட்டார். அவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஒரே குழாயடிக்கு எத்தனை பேர் குடத்தோடு வந்து நிற்பார்கள் என்பதுதான். யாருக்கு யார் என்ன உறவு என்பது அவருக்கு எதற்கு?

சென்சஸ் தரவுகளில் வரும் 'ஹவுஸ்ஹோல்டு' என்ற சொல்லை நாம் வழக்கமாகக் 'குடும்பம்' என்று எழுதிவிடுகிறோம். ரேஷன் கார்டே குடும்ப அட்டைதானே, என்ன தப்பு என்று தோன்றும். அடுத்த வரியிலேயே 'ஃபேமிலி' வரும்போதுதான் சிக்கல். 'ஒரு ஹவுஸ்ஹோல்டில் இரண்டு ஃபேமிலிகள் இருக்கலாம்' என்பதை எப்படி எழுதுவது? 'ஒரு குடும்பத்தில் இரண்டு குடும்பம்' என்றால் படிக்கிறவர் வேறு எதையோ நினைத்துச் சிரிப்பார்.

ஹவுஸ் என்றால் வீடு; ஹோல்டு என்றால் கைக்கொண்டிருப்பது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ரத்த உறவுக்கு இந்தச் சொல்லில் இடமே இல்லை. (ஃபேமிலியின் கதையும் வேடிக்கைதான். அதற்கு மூலம் லத்தீனில் ஏவலாளைக் குறிக்கும் 'ஃபமுலுஸ்'.)

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. 'குடி'யோடு 'தனம்' சேர்ந்தது குடித்தனம். குடியிருப்பு, குடிக்கூலி எல்லாவற்றிலும் அதே குடிதான். ஒண்டுக்குடித்தனம், தனிக்குடித்தனம், கூட்டுக்குடித்தனம் என்று ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதும் வகைகளுக்கு நம் பாட்டிமார் ஒற்றைச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், மருமகள் தனியாக உலை வைத்துவிட்டால் "தனிக்குடித்தனம் போயிட்டா" என்றுதான் ஊர் பேசும்.

இந்திய சென்சஸும் கிட்டத்தட்ட ஊர் வாயையே பின்பற்றுகிறது. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொது அடுக்களையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு ஹவுஸ்ஹோல்டு. உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆக, மாடியில் மகனும் கீழே அப்பா அம்மாவும் தனித்தனியாகச் சமைத்தால் இரண்டு. மூன்று நண்பர்கள் அறை எடுத்து ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டால் ஒன்று. 2011 கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 7.21 கோடிப் பேர், 1.85 கோடிக் குடித்தனங்கள். அதாவது ஒரு குடித்தனத்துக்குச் சராசரி 3.9 பேர். அடுப்புகள் பிரியப் பிரிய, பிறப்பு விகிதம் அப்படியே இருந்தாலும் இந்தச் சராசரி இறங்கும்.

சரி, இதை வேறு நாட்டோடு ஒப்பிட்டால்? அமெரிக்க சென்சஸுக்கு அடுப்பு முக்கியமில்லை, வீடுதான் கணக்கு. ஒரு வீட்டில் வசிக்கிற அத்தனை பேரும் ஒரே ஹவுஸ்ஹோல்டு. பிரிட்டனில் 2001 கணக்கெடுப்பு வரை, தினம் ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்ற கேள்வி இருந்தது. 2011இல் அதை எடுத்துவிட்டுச் சமையல் வசதியையும் கூடத்தையும் பகிர்கிறார்களா என்று மாற்றினார்கள். ஒரே நாட்டில், ஒரே சொல்லுக்குப் பத்தாண்டில் வேறு பொருள்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் இன்டர்நேஷனல் என்ற தொகுப்பில் நூறு நாடுகளுக்கு மேல் சென்சஸ், ஆய்வுத் தரவு கிடைக்கிறது. பெயர் நீக்கிய தனிநபர் பதிவுகள், நாட்டுக்கு நாடு ஒத்துப்போகும்படி ஒரே குறியீட்டில் இருக்கும். குறியீடு ஒன்றாகிவிட்டதால் பொருளும் ஒன்றாகிவிட்டது என்று நம்பி இறங்கினால் அடி விழும். ஒவ்வொரு மாறியோடும் (வயது, குடித்தன அளவு போன்று பதிவில் வரும் ஒவ்வொரு விவரத்தோடும்) ஒப்பீட்டுக் குறிப்பு இருக்கிறது. அதையும் அந்தந்த நாட்டுப் படிவத்தையும் படித்த பிறகே சராசரி போட வேண்டும். இந்தியாவுக்கு அதில் இருப்பவை தேசிய மாதிரி ஆய்வின் பதிவுகள், சென்சஸ் பதிவுகள் அல்ல. அங்கேயும் அடுக்களைதான் அளவுகோல்.

குடித்தனக்காரர் என்றால் வாடகைக்கு இருப்பவர் என்ற பொருள் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். ஆனாலும் சொந்த வீட்டுக்காரரும் குடித்தனம்தானே நடத்துகிறார்? குடித்தனத் தலைவர், ஓராள் குடித்தனம், குடித்தன அளவு எல்லாம் எனக்குத் தடங்கலில்லாமல் வருகின்றன. இடிப்பது ஒன்றே ஒன்று. விடுதி, ஆசிரமம், சிறை போன்றவற்றை இந்திய சென்சஸ் 'இன்ஸ்டிட்யூஷனல் ஹவுஸ்ஹோல்டு' என்கிறது. ஜெயிலில் இருக்கிறவரைக் குடித்தனம் நடத்துகிறார் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே மட்டும் 'கூட்டுத் தங்கிடம்' என்று போட்டுக்கொள்கிறேன்.