நின்றதும் திற: சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு

ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் தடா, ஸ்ரீசிட்டி தொழில் நகரம். கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கே வேலைக்குப் போகிற ஒருவர் சீன மெஷினின் மேனுவலை ஆங்கிலமாக்கப் பழகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே தடுக்கும்?

எழுத்தில் என்று நினைப்போம். சீன அரசு 2013இல் வெளியிட்ட பட்டியலில், அன்றாடப் புழக்கத்துக்கான எழுத்துகளே 3,500. ஆனால் மொபைல் கேமராவைக் காட்டினால் எழுத்து இன்னதென்று தெரிந்துவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

பெயருக்கு முன்னால் அடைமொழி சேர்ப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ‘நேற்று வாங்கிய மெஷின்’ சீனத்திலும் அதே வரிசைதான்: ‘ஸுவோதியென் மாய் தெ ஜீச்சி’. நம் பெயரெச்சம் செய்கிற வேலையை அங்கே ‘தெ’ செய்கிறது. தெலுங்கிலும் ‘நின்ன கொன்ன யந்த்ரம்’. (தமிழ்க் காதுக்குக் கொலைச் செய்தி மாதிரி இருக்கும், வாங்கியதைத்தான் சொல்கிறார்கள்.) ஆங்கிலத்தில் மெஷினை முன்னால் இழுத்து, வாங்கிய கதையைப் பின்னால் வைக்க வேண்டும். ஆகவே நீண்ட வாக்கியத்தில் முதலில் ‘தெ’யைத் தேடுங்கள், அதை அடுத்து வரும் பெயரைப் பிடியுங்கள்.

இனி மேனுவலில் வரக்கூடிய ஒரு வரி: ‘ஜீச்சி திங் லெ, ஸாய் காய் மென்’. மெஷின், நில், லெ; அப்புறம் திற, கதவு. சீன வினைக்குக் காலம் காட்டும் விகுதி கிடையாது. ‘லெ’யைக் கண்டதும் இறந்தகாலம் என்று எழுதிவிடுவது புதியவர்கள் வழக்கம். இங்கே அது செயல் முடிவதைத்தான் காட்டுகிறது, எப்போது என்பதை அல்ல. நாளைக்கு ஓடப்போகிற மெஷினுக்கும் நாம் ‘நின்றதும் திற’ என்கிறோமே, அதே சங்கதி. ஆங்கிலத்தில் ‘வென் த மெஷின் ஹேஸ் ஸ்டாப்ட்’.

சொற்களுக்கு இடையே இடைவெளி விடாததும் வம்புதான். ‘கவனம், தரை வழுக்கும்’ என்ற பலகையில் தரையைக் குறிக்கும் எழுத்துக்கு, நம் ‘ஆக’ போன்ற விகுதியாகவும் ஒரு வேலை உண்டு. அப்படிப் படித்தால் ‘கவனமாக வழுக்கு’! சீனாவில் பல இடங்களில் ஆங்கிலப் பலகைகள் இப்படியே எழுதப்பட்டுச் சிரிப்புக்கு ஆளாகியிருக்கின்றன.

சரி, அந்த ‘மென்’ ஒரு கதவா, இரண்டா? சீனச் சொல்லில் அது தெரியாது. ஆங்கிலமோ ‘டோர்’ஆ ‘டோர்ஸ்’ஆ என்று கேட்காமல் விடாது. இதற்கு அகராதி உதவாது. மேனுவலில் படம் இருந்தால் பார்க்கலாம். அதிலும் தெளிவில்லை என்றால் மெஷினையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துதான் எழுத வேண்டும்.