பழைய ஷெல் துண்டு உடம்பில் இருக்கிறதா? எம்ஆர்ஐ அறைக்கு வெளியிலேயே சொல்லிவிடுங்கள்

"உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா?" என்று படிவத்தில் இருக்கும். "இல்லை" என்று டிக் செய்வார்கள். நேரில் கேட்டாலும் இல்லைதான். உடை மாற்றி வரும்போது தொடையிலோ தோளிலோ ஒரு பழைய தழும்பு தெரியும். அதைப் பற்றி விசாரித்த பிறகுதான், "அதுவா, அப்போ சண்டையில பட்ட ஷ்ராப்னல், ஷெல் துண்டு. எடுக்க வேண்டாம்னு டாக்டர் விட்டுட்டார்" என்று பதில் வரும். இந்த வாரமும் ஒருவர் அப்படித்தான் வந்தார். அதோடு, "ஷ்ராப்னல்னா ஈயம்தானே, காந்தம் அதை இழுக்காதே" என்று அந்தக் காந்த இயந்திரத்தில் ஸ்கேன் எடுக்கும் எனக்கே விளக்கம் சொன்னார்.

இந்த ஈயக் கதையை இன்றோடு விட்டுவிடுங்கள். அது இருநூறு வருடத்துக்கு முந்தைய கதை. ஹென்றி ஷ்ராப்னல் பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி. உள்ளீடற்ற இரும்புக் குண்டில் துப்பாக்கி ரவைகளையும் கொஞ்சம் வெடிமருந்தையும் அடைத்து, எதிரியின் தலைக்கு மேலே வெடிக்கும்படி திரி வைக்கும் முறையை 1784 வாக்கில் உருவாக்கினார். பிரிட்டிஷ் ராணுவம் 1803இல் அதை ஏற்றுக்கொண்டது. அவர் பெயரே பிறகு குண்டின் பெயரானது. அந்த ரவைகள் ஈயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்குள் இருந்தவர்களை அந்த ரவைகளால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அதிசக்தி வெடிகுண்டுகள் அந்த இடத்தைப் பிடித்தன. அவற்றில் ரவை கிடையாது, எஃகு உறையே சுக்குநூறாகிப் பறக்கும். பெயர் மட்டும் பழையபடி ஒட்டிக்கொண்டது. இன்று ஷ்ராப்னல் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் அந்த எஃகுச் சில்லைத்தான். எஃகைக் காந்தம் இழுக்கும்.

எக்ஸ்ரேயில் ஈயமும் எஃகும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். படத்தை மட்டும் பார்த்து எது என்று எங்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

"முப்பது வருஷமாச்சு, கரைஞ்சிருக்கும்" என்பது அடுத்தது. கரையாது. சதைக்குள் இருந்தால் சுற்றிலும் நார்த்திசு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பலருக்கு ஆபத்து குறைவு. கண்ணுக்குள் அப்படி நம்பி இருக்க முடியாது. கண்ணில் சிறு இரும்புத் துணுக்கு இருந்த ஒரு தொழிலாளிக்கு எம்ஆர்ஐ எடுத்ததும் உள்ளே ரத்தம் கசிந்து பார்வை போனது 1986இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மூளை, தண்டுவடம், பெரிய ரத்தக்குழாய் ஓரம் என்றாலும் நாங்கள் பயப்படுவோம். எங்கள் காந்தம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

துண்டு இருப்பதாலேயே எம்ஆர்ஐ கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். தேவைப்பட்டால் காந்தம் இல்லாத சிடி ஸ்கேனுக்கு மாற்றுவோம். பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, பழைய படம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். விமான நிலையத்தில் கருவி சத்தம் போடவில்லை என்பதை அத்தாட்சியாகச் சொல்லாதீர்கள். லேத், கிரைண்டர் வேலை பார்த்தவர்களும் கண்ணில் இரும்புத் தூசி பட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே போன பிறகு எங்காவது சூடாகவோ இழுப்பதுபோலவோ இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். கையில் கொடுத்திருக்கும் பந்தை உடனே அழுத்துங்கள், நிறுத்திவிடுவோம்.

வயதான அப்பாவையோ தாத்தாவையோ அழைத்து வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர்க்காலத்துக் காயங்களைப் பற்றி அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள். வீட்டிலேயே பொறுமையாகக் கேட்டு, படிவத்தில் நீங்களே எழுதிக்கொடுங்கள்.