கரப்பானுக்கு மீனை நிறுத்த வேண்டாம், சோப்பைக் குறையுங்கள்

கரப்பான் என்கிற அரிப்புத் தோல் நோய் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மாவோ அப்பத்தாவோ என்னிடம் முதலில் கேட்பது, "டாக்டர், புள்ளைக்கு என்னென்ன குடுக்கக் கூடாது?" என்பதுதான். பல வீடுகளில் அதற்கு முன்பே மீன், நண்டு, இறால், முட்டை, கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார்கள். பால் கொடுக்கும் தாய் ரசம் சோற்றில் நாளை ஓட்டிக்கொண்டிருப்பார். நான் கேட்பது வேறு. எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறீர்கள், எவ்வளவு நேரம், என்ன சோப்பு, துடைத்ததும் என்ன தடவுகிறீர்கள்? நம் ராமநாதபுரம் கடற்கரையில் கரப்பான் ஆறாமல் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம் சாப்பாட்டுத் தட்டில் இருப்பதைவிடக் குளிக்கும் இடத்தில்தான் அதிகம் இருக்கிறது.

கரப்பானைத்தான் நாங்கள் எக்ஸிமா என்று எழுதித் தருகிறோம். அது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. தோலின் மேலடுக்கு இயல்பாகவே கொஞ்சம் பலவீனமாக அமைந்த உடல்வாகு அது. குடும்பத்தில் யாருக்காவது வீசிங், அடுக்குத் தும்மல், சின்ன வயதில் கரப்பான் இருந்திருக்கும். கிடுகு விலகிய கூரை மாதிரி, தோலுக்குள் இருக்கிற ஈரம் வெளியே போய்விடும், வெளியே இருக்கிற உப்பும் தூசியும் கிருமியும் சோப்பும் உள்ளே இறங்கும். உள்ளே இறங்கியதும் அரிப்பு. சொறிந்தால் மேலடுக்கு இன்னும் கிழியும், அதனால் அரிப்பு இன்னும் கூடும். களிம்பு இந்தச் சுழற்சியை ஒரு வாரத்தில் நிறுத்திவிடும். ஆனால் கூரையை வேய்ந்து வைப்பது தினமும் வீட்டில் நடக்க வேண்டிய வேலை.

"கடல்காத்து ஈரமாத்தானே இருக்கு, தோல் ஏன் காயுது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காற்றில் ஈரம் இருந்தாலும், வேர்வை வழிந்து காய்ந்து உப்பாகத் தோலில் படிகிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை அள்ளி வீசும்போது கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் எரியும். வேர்வைக்குப் பயந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தால் இருக்கிற கொஞ்ச எண்ணெய்ப் பசையும் போய்விடும். வேர்த்தால் வெறும் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் ஒத்தி எடுங்கள், போதும்.

இப்போது தண்ணீர். பல ஊர்களில் போர் தண்ணீர் கடுப்பாக இருக்கும், சோப்பு நுரைக்காது. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் குடத்தில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்கிறோம். அதில் குளிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. கடின நீருள்ள பகுதிகளில் குழந்தைகளுக்கு எக்ஸிமா அதிகம் காணப்படுகிறது என்பது உண்மைதான். அதற்காகத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 336 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2011ல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்கெனவே எக்ஸிமா இருக்கிற குழந்தைகளுக்கு அந்த இயந்திரத்தால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கடினத் தண்ணீரில் சோப்புச் சேரும்போதுதான் தொல்லை. நுரை வராததால் இன்னும் இன்னும் தேய்ப்போம். கரையாத சோப்புப் படலம் தோலிலேயே தங்கிவிடும். சாதாரணக் குளியல் சோப்பின் காரத்தன்மை, அமில-கார அளவான பிஎச் கணக்கில் 9, 10 வரை போகும். நம் தோல் 5ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மையில் இருக்கிறது. அதனால் நான் சொல்வது இதுதான். போர் தண்ணீரிலேயே குளியுங்கள். சோப்பு அக்குளுக்கும் இடுப்புக்குக் கீழும் பாதத்துக்கும் மட்டும். மற்ற இடத்துக்கு வெறும் தண்ணீர் போதும், வசதி இருந்தால் மணமில்லாத, காரமில்லாத சிண்டெட் பார், அதாவது சோப்பு சேராத குளியல் கட்டி. முடிக்கும்போது வீட்டில் நல்ல தண்ணீர் இருந்தால் இரண்டு சொம்பு ஊற்றி அலசிவிடுங்கள். ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் குளியல் முடிந்துவிட வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். நல்ல சூட்டில் ஊற்றினால் அப்போதைக்கு அரிப்பு அடங்கிய மாதிரி இருக்கும், அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகத் திரும்பி வரும். பீர்க்கங்கூடும் தேங்காய் நாரும் வேண்டவே வேண்டாம். கடலைமாவு, பயத்தமாவும் கரப்பான் தோலுக்குச் சரிப்படாது. வெடித்த தோலில் உணவுப் பொருளைத் தினமும் தேய்த்தால் அந்த உணவுக்கே அலர்ஜி உண்டாகிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

குளித்து முடித்த மூன்று நிமிடம் ரொம்ப முக்கியம். துண்டால் தேய்க்காமல் ஒத்தி எடுத்து, தோலில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே ஈரப்பூச்சை, அதாவது மாய்ஸ்சரைசரைத் தடவிவிட வேண்டும். முடி படிந்திருக்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாக. விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று இல்லை. மணம் சேர்க்காத வெள்ளை வாசலின் மிக நல்லது. பகலில் பிசுபிசுப்பு தாங்க முடியவில்லை என்றால் பகலுக்கு ஒரு மெல்லிய கிரீம், ராத்திரிக்கு வாசலின் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பு முழுக்கக் கரப்பான் இருக்கிற குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் வரைகூட ஆகும். நம் வீடுகளில் ஒரு சின்ன டப்பாவை இரண்டு மாதம் வைத்திருப்பார்கள், அப்புறம் "கிரீம் கேக்கலை டாக்டர்" என்பார்கள். அந்த அளவுக்கு எந்தக் கிரீமும் கேட்காது. இன்னொன்று, வாசலின் ஊறிய துணியில் தீ வேகமாகப் பரவும். விறகடுப்புப் பக்கத்திலும் கொசுவத்திப் பக்கத்திலும் அந்த உடுப்போடு குழந்தையை விடாதீர்கள்.

எண்ணெய் பற்றிக் கேட்காத வீடு கிடையாது. தேங்காய் எண்ணெய்க்கு நான் எதிரியில்லை. பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடந்து 2014ல் வெளியான ஆய்வில், சூடுபடுத்தாமல் எடுத்த தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நல்ல பலன் தந்தது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தென்னைக்குக் குறைவில்லை, சுத்தமான எண்ணெய் கிடைத்தால் தாராளமாகத் தடவுங்கள். கற்பூரம், வேப்பெண்ணெய், வெற்றிலைச்சாறு எதையும் அதில் கலக்க வேண்டாம். நீர் வடிகிற புண்ணில் எண்ணெயே வேண்டாம். கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாவிலிருந்து வருகிற பெட்டியில் ஆலிவ் எண்ணெய் கட்டாயம் இருக்கும். அன்போடு அனுப்புகிறார்கள், ஆனால் கரப்பான் தோலுக்கு அது ஆகாது. அதிலுள்ள ஒலீயிக் அமிலம் தோலின் மேலடுக்கை இன்னும் தளர்த்திவிடும். அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அத்தர், சென்ட் போட விரும்பினால் உடுப்பின் மேல், தோலில் படாமல்.

கைகளில் வருகிற எக்ஸிமா இங்கே தனிக் கதை. மீன் வெட்டுகிற, நண்டு உடைக்கிற, கருவாடு போடுகிற பெண்களின் கை நாள் முழுக்க ஐஸ் தண்ணீரிலும் உப்பிலும் மீன் சாற்றிலும் கிடக்கிறது. விரல் இடுக்கு வெளுத்து, வெடித்து, ரத்தம் கசியும். கடலில் பாசி எடுக்கப் போகிறவர்கள் பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். காயத்தைத் தடுக்கிற அந்தத் துணியே பல மணி நேரம் உப்பு நீரில் ஊறித் தோலைக் கொழகொழக்க வைக்கிறது. மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிற ஒருவரிடம் "தண்ணியில கை வைக்காதீங்க" என்று சீட்டில் எழுதித் தருவது எனக்கு உடன்பாடில்லை. அது அவருடைய சோறு. செய்யக்கூடியதைச் சொல்கிறேன். போவதற்கு முன் புறங்கையிலும் விரல் இடுக்கிலும் வாசலினை அழுத்திப் பூசுங்கள். கரைக்கு வந்ததும் முதல் வேலையாகத் துணியை அவிழ்த்து, நல்ல தண்ணீரில் கையை அலசித் துடைத்து மறுபடி பூசுங்கள். மறுநாள் அதே துணியை அலசாமல் சுற்றாதீர்கள். உப்பும் கிருமியும் அதிலேயே இருக்கும். கரையில் மீன் வெட்டுகிறவர்கள் உள்ளே மெல்லிய பருத்தி உறை, வெளியே ரப்பர் உறை என்று போடலாம். பருத்தி உறை வேர்வையில் நனைந்தால் மாற்றிவிட வேண்டும், ஈர உறை வெறும் கையைவிட மோசம். வேலை முடிந்ததும் வாடை போக வேண்டும் என்று பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கை கழுவுகிறார்கள். அதைவிட எலுமிச்சை நல்லது என்று தேய்க்கிறவர்களும் உண்டு. இரண்டும் வெடித்த கைக்குக் கேடு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் கையைக் கவனியுங்கள். வேலை இல்லாத அந்த நாட்களில் புண் தானாக ஆறி, தொழில் தொடங்கியதும் திரும்பி வந்தால், வேலையில் கை படுகிற ஏதோ ஒன்றுதான் காரணம். மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பல பரிசோதனைகளைவிட உதவுகிற தகவல் இது.

கடலில் குளித்தால் சொறி போகும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமானது. வெடிப்பில்லாத தோலுக்குக் கடல் கெடுதல் இல்லை. குளித்த உடனே நல்ல தண்ணீரில் அலசி ஈரப்பூச்சுத் தடவினால் சரி. புண் திறந்திருக்கும்போது இறங்க வேண்டாம். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தங்களும் ஆடி, ஈரத்துணியோடு வெகுநேரம் நடப்பவர்களுக்குத் தொடை இடுக்கிலும் கழுத்திலும் உராய்ந்து கரப்பான் கிளம்பிவிடும். மாற்றுத் துணியும் ஒரு சின்ன வாசலின் டப்பாவும் கையில் இருக்கட்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். உண்மையான உணவு அலர்ஜி இருக்கிறது, மறுக்கவில்லை. இறாலோ முட்டையோ சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வரும். அப்படி நடந்தால் அந்த உணவை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்படி எதுவும் நடக்காத குழந்தைக்கு "சூடு", "கரப்பான் பண்டம்" என்று மீனையும் முட்டையையும் மாதக்கணக்கில் மறுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இந்தக் கரையில் ஏழை வீட்டுக்கும் எட்டுகிற புரதம் மீன்தான். அதை நிறுத்திய குழந்தை எடை குறைகிறது, தோல் மட்டும் அப்படியே இருக்கிறது.

மருந்துக்கடையில் வாங்கும் களிம்பு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகக் கலந்த டியூப் எல்லா அரிப்புக்கும் கைமாறுகிறது. 2018ல் ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியும் பழக்கம் மாறவில்லை. வட்டமாக, ஓரம் சிவந்து பரவினால் அது படர்தாமரையாக இருக்கலாம், ஸ்டீராய்டு அதை உரம் போட்டு வளர்க்கும். வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் அரித்தால் சிரங்கைச் சந்தேகியுங்கள். இன்னொரு பக்கம், நான் எழுதித் தந்த ஸ்டீராய்டையே பயந்து தொடாதவர்களும் இருக்கிறார்கள். சரியான வீரியத்தில், சரியான நாட்களுக்குப் போட்டால் அது பாதுகாப்பான மருந்து. பெரியவர் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

கடைசியாக ஒரு ஆபத்து. கரப்பான் உள்ள குழந்தைக்குத் திடீரெனக் காய்ச்சலோடு, ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, உடைந்து, குத்தி எடுத்த மாதிரி குழிப்புண்ணாகி வலித்தால் அதை அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். உதட்டில் அக்கி மாதிரி கொப்புளம் வருகிற ஹெர்ப்பிஸ் வைரஸ், கரப்பான் தோலில் வேகமாகப் பரவுகிற நிலை அது. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. அன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும். உதட்டில் கொப்புளம் இருக்கிற பெரியவர்கள் அது ஆறும்வரை குழந்தைக்கு முத்தம் கொடுக்க வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்க வரும்போது இதுவரை தடவிய எல்லா டியூப்பையும், எண்ணெய்ப் பாட்டிலையும், குளிக்கிற சோப்பின் உறையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். காலியான டியூப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பெயர் அழிந்திருந்தால், வாங்கிய கடையில் கேட்டு எழுதிக் கொண்டுவாருங்கள்.