காரை விற்கும்போது எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது

கோவையில் 22 வருடமாகக் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். வண்டியை விற்க நினைக்கிற வாடிக்கையாளர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். "என்ன விலை சொல்லலாம்ங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பி வரும்போது பாதிப் பேருக்கு முகம் வாடியிருக்கும். வண்டியில் உண்மையான குறை இருந்து விலை குறைந்தால் யாரும் அவ்வளவு வருத்தப்படுவதில்லை. பேச்சில் ஏமாந்துவிட்டோமோ என்ற நினைப்புதான் அவர்களை உறுத்துகிறது.

போன ஆடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசலோடு வந்தார். சிங்கிள் ஓனர், 92 ஆயிரம் கிலோமீட்டர், வாங்கியதிலிருந்து என்னிடம்தான் சர்வீஸ். முந்தின நாள் வண்டி பார்க்க இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, "பாருங்க சார், பேக் கம்ப்ரஷன் அடிக்குது. இன்ஜின் வேலையே எழுபதாயிரம் ஆகும்" என்று சொல்லி, விலையில் ஒரேயடியாக ஒரு லட்சத்தைக் குறைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. "பன்னண்டு வருஷம் பத்திரமா வெச்சிருந்தேன் தம்பி, இன்ஜின் போயிடுச்சுங்கறாங்களே" என்றார்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைக் கழற்றி, அதையே தலைகீழாகத் துளையின் மேல் சும்மா வைத்துக் காட்டினேன். லேசாக ஆடியது, அவ்வளவுதான். லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய டீசல் இன்ஜினில் கொஞ்சம் காற்றும் மெல்லிய ஆவியும் வருவது இயல்பு. பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கசிந்து வெளியே தள்ளுவதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அப்படி இருந்தால் மூடி எகிறி விழும், புகை குபுகுபுவென்று வரும், ஆயிலும் அடிக்கடி குறையும். இவர் வண்டியில் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் ஆயில் ஊற்றியதே இல்லை. பார்க்க வந்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். ஆசிரியருக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பேரம் பேசுவது தப்பில்லை. கத்தரிக்காய் வாங்கும்போதே பேரம் பேசுகிறோம், மூன்றரை லட்சம் கொடுப்பவர் பேசாமல் இருப்பாரா? அதனால் விளம்பரத்தில் "ஃபிக்ஸட் ரேட்" என்று போட வேண்டாம் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன். கொஞ்சமாவது குறைத்து வாங்கினோம் என்ற திருப்தி வாங்குபவருக்கு வேண்டும். அதற்கு இடம் விட்டு விலை சொல்லுங்கள். எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதை மட்டும் ஆள் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

அதற்கு மூன்று விலைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதலாவது, நாளைக்கே கொண்டுபோய் விட்டால் கார் கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடையில்) கொடுக்கும் விலை. இரண்டு மூன்று இடத்தில் கேட்டாலே தெரிந்துவிடும். அவர்களுக்கு லாபம் வேண்டும் என்பதால் அது குறைவாகத்தான் இருக்கும். ஆனால் உங்களுக்கு அடித்தளம் அதுதான், அதற்குக் கீழே கேட்பவரிடம் உட்கார்ந்து பேசவே தேவையில்லை. இரண்டாவது, எந்த விலை கிடைத்தால் மனதுக்குச் சரி என்று தோன்றுமோ அது. மூன்றாவது, வாயால் சொல்லப் போகும் விலை. இதே மாடல், இதே வருடம், இதே எரிபொருள், ஏறக்குறைய இதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகளின் விளம்பரங்களில் பத்தையாவது பார்த்துவிட்டு எழுத வேண்டும். விளம்பரத்தில் இருப்பது சொல்லும் விலைதான், விற்ற விலை அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். ஆசிரியர் எழுதியது 3.20, 3.50, 3.70 லட்சம்.

அடுத்தது குறைப் பட்டியல். இதைப் பலர் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். தன் வண்டியின் குறையை யாராவது தானே சொல்வார்களா என்று கேட்பார்கள். சொல்லுங்கள், வந்தவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். ஆசிரியரின் வண்டியில் பின் கதவில் ஒரு டொக்கு, முன்பக்க சஸ்பென்ஷனில் லேசான சத்தம், இரண்டு டயர் பழசு. மூன்றுக்கும் என்ன செலவாகும் என்று ஒர்க்‌ஷாப் லெட்டர்பேடில் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தேன், 19 ஆயிரம் வந்தது. அதை விலையில் முன்பே கழித்துவிட்டோம். அதற்கப்புறம் வருபவர் டொக்கைக் காட்டி முப்பதாயிரம் குறைக்கச் சொன்னால், தாளை எடுத்து நீட்டினால் போதும். குறையை மறைத்தால் அதற்கு அவர் விலை வைப்பார், சொல்லிவிட்டால் நாம் வைக்கலாம். விற்பதற்காக அவசரமாகப் பெயின்ட் அடிக்கவும் வேண்டாம். புது பெயின்டைப் பார்த்ததுமே வண்டி எங்கேயோ அடிபட்டிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். தண்ணீர் சர்வீஸ் செய்து, எரியாத பல்பை மாற்றி, கிழிந்த வைப்பரை மாற்றினால் போதும். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கி பெயர் நீக்காமல் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-ம் வேண்டும். ஹெச்.பி. (அந்தக் கடன் பதிவு) கேன்சல் ஆகாத வண்டி என்றாலே பத்தாயிரம் குறைத்துக் கேட்பார்கள்.

விளம்பரம் போட்டதும் போன் வரும். "கடைசி விலை சொல்லுங்க" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கும். வண்டியைப் பார்க்காதவரிடம் கடைசி விலை சொன்னால், நேரில் வரும்போது அதுதான் ஆரம்ப விலை. "வந்து வண்டியைப் பாருங்க, பிடிச்சிருந்தா உட்கார்ந்து பேசிக்கலாம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நாலைந்து பேர் அடுத்தடுத்து அழைத்து, எல்லோரும் 2.40, 2.50 என்றே கேட்டால் மனம் தளரும், வண்டிக்கு அவ்வளவுதான் மதிப்போ என்று தோன்றும். மறுநாள் ஒருவர் 2.80 கேட்கும்போது அது நல்ல விலையாகத் தெரியும். சில நேரம் அத்தனை அழைப்பும் ஒரே கூட்டத்தில் இருந்து வந்தவையாக இருக்கும். அன்றைக்குத்தான் அந்த மூன்று விலைத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

நேரில் வருபவர்களின் வாதங்கள் பெரும்பாலும் எனக்கு மனப்பாடம். அதில் பாதி சரியானவைதான், அவற்றை ஒத்துக்கொள்ள வேண்டும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு எண்களைப் படிப்பார்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் (தரையில் படும் மேடுபள்ளம்) நன்றாக இருந்தாலும் டயருக்கு வயதாகிவிட்டது என்று அவர் சொன்னால் அது நியாயம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததையும் சொல்வார்கள். புது வண்டி விலை இறங்கினால் பழையதும் இறங்கத்தான் செய்யும், அதுவும் நியாயம்.

ஆனால் இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பார்த்து, "இதுல ஐ.டி.வி.யே 2.60-தான் போட்டிருக்கு, நீங்க 3.70 சொல்றீங்க" என்பார்கள். ஐ.டி.வி. என்பது வண்டி திருடுபோனாலோ முழுதாகச் சேதமானாலோ இன்சூரன்ஸ் நிறுவனம் தரும் தொகைக்கான கணக்கு. வருடத் தேய்மானத்தை வைத்தோ, ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசியோ போடுவது, சந்தை விலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. "டீசல் வண்டி பத்து வருஷத்துக்கு மேல ஓட்டவே முடியாது" என்பது இன்னொன்று. அந்தக் கட்டுப்பாடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கானது, தமிழ்நாட்டில் அப்படி இல்லை. அப்புறம் மாதக் கணக்கு. ஆடியில் விற்றால் "ஆடியில யாருங்க வண்டி எடுப்பாங்க" என்பார்கள், டிசம்பரில் விற்றால் "ஜனவரி பிறந்தா ஒரு வயசு கூடிடும்" என்பார்கள். ஆடியில் கூட்டம் குறைவு என்பது உண்மைதான். அவசரமில்லை என்றால் ஆவணி வரை காத்திருங்கள். அவசரம் இருந்தால் அதை வெளியே சொல்லாதீர்கள். "பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், அதான்" என்று வெள்ளந்தியாகச் சொல்லி இருபதாயிரத்தை இழந்தவரை எனக்குத் தெரியும்.

யார் எந்த விலை கேட்டாலும், "எதை வெச்சு இந்த விலை கேக்கறீங்க?" என்று அமைதியாகக் கேளுங்கள். காரணம் சொன்னால் அதைப் பற்றிப் பேசலாம். காரணமே இல்லாமல் எண்ணை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்பவர் உங்கள் பொறுமையைத்தான் சோதிக்கிறார். குறைப்பதாக இருந்தால் சும்மா குறைக்காதீர்கள். "அஞ்சாயிரம் குறைச்சுக்கறேன், இந்த வாரமே பேர் மாத்திக்கணும்" என்று ஒன்றோடு ஒன்றைக் கட்டிப் பேசுங்கள்.

இந்தப் பெயர் மாற்றத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பேரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரூபாய்க்கு, மற்றது பேப்பருக்கு. ரூபாய்ப் பேரத்தில் பத்தாயிரம் போனால் போகட்டும், ஒரு மாதத்தில் மறந்துவிடும். பேப்பர் பேரம் அப்படியல்ல. அதைப் பேசுபவர் விலையில் தாராளமாக இருப்பார். "நீங்க கேட்ட விலையே தரேங்க. ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, டிரான்ஸ்ஃபர் நான் அப்புறம் பண்ணிக்கறேன்" என்பார். விற்பவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலையும் வேலை மிச்சம் என்று தோன்றும். வாங்கியவர் புரோக்கராக இருந்தால் தன் பெயருக்கு மாற்றவே மாட்டார். தேதி போடாத அந்தப் படிவத்தோடு வண்டி இன்னொருவருக்குப் போகும், அவரிடமிருந்து மற்றொருவருக்கும் போகும்.

என் வாடிக்கையாளர் ஒருவர் இப்படித்தான் பத்தாயிரம் கூடக் கிடைக்கிறதே என்று கொடுத்தார். எட்டு மாதம் கழித்து வேறு மாவட்டத்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. வண்டி ஒரு பைக்கில் மோதியிருக்கிறது, ஓட்டியவர் யாரென்றே இவருக்குத் தெரியாது, இன்சூரன்ஸும் முடிந்திருந்தது. ஆர்.சி.யில் இருந்தது இவர் பெயர். நஷ்ட ஈட்டு வழக்கில் இன்னும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம், விற்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்ளும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2009இல் நடந்த ஒரு விபத்து தொடர்பான நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கார் பல கை மாறியிருந்தது. ஆனாலும் விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது. மோட்டார் வாகனச் சட்டம் 50ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆக, "அவர் மாத்திக்குவார்" என்று விடுவதற்கில்லை, விற்றவருக்கும் கடமை உண்டு. கன்சல்டிங்கில் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி அங்கீகாரம் பெற்ற டீலரா என்று கேளுங்கள். அப்படிப்பட்டவரிடம் ஒப்படைத்ததை ஆன்லைனில் முறைப்படி தெரிவித்துவிட்டால், அதுமுதல் பொறுப்பு அவருடையது.

பணத்திலும் கடைசி நேரப் பேரம் நடக்கும். வீட்டாரோடு, மாலை எலுமிச்சம்பழத்தோடு நல்ல நேரம் பார்த்து வருவார்கள். பூஜையெல்லாம் முடிந்தபின் பதினைந்தாயிரம் குறைவாகக் கொடுத்து, "மீதி அடுத்த வாரம்ங்க" என்பார்கள். குழந்தைகள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது மறுக்க நமக்கு மனம் வராது. அதற்காகத்தான் அட்வான்ஸ் வாங்கும் அன்றே மொத்த விலை, கொடுத்தது, மீதி, தேதி, உள்ளது உள்ளபடி விற்கிறோம் என்பது எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பூஜைக்கு முன்பே மீதி வங்கிக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூ.ஆர். கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் அது மோசடி. பணம் வாங்க பின் நம்பர் போடத் தேவையே இல்லை. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதும் கூடாது. வருமான வரிச் சட்டம் 2017 முதல் அதைத் தடுத்திருக்கிறது, வாங்கியவருக்கே அதே அளவு தொகை அபராதம்.

சாவி கொடுக்கும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் நிமிடத்தையும் எழுதி, வாங்குபவரின் ஆதார், லைசென்ஸ் நகல்களைச் சேர்த்து வையுங்கள். உங்கள் ஃபாஸ்டேக்கை அன்றே மூடிவிடுங்கள், இல்லையென்றால் அவர் போகும் டோலுக்கெல்லாம் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது. வேறு கார் வாங்கினால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம், இன்சூரன்ஸ் நிறுவனத்தில் சான்றிதழ் கேளுங்கள், 3 வருடம் செல்லும்.

ஆசிரியர் ஆவணியில் 3.48க்கு விற்றார். நினைத்ததைவிட இரண்டாயிரம் குறைவு. வாங்கியவர் பல்லடத்துக்காரர், பெயர் மாற்றத்துக்கு உடனே சரி என்றார்.

இதைப் படிக்கும் யாராவது முன்பே விற்றுவிட்டு, பெயர் மாறியதா என்று தெரியாமல் இருந்தால், இன்றைக்கே மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் அந்த வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயர் இருந்தால், டெலிவரி நோட் நகலோடு பதிவு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவரைக் கையோடு அழைத்துப் போய் மாற்றி முடியுங்கள். அவர் போனை எடுக்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள். டெலிவரி நோட்டும் இல்லை, ஆளும் இல்லை என்றால் வங்கியில் அந்தப் பணம் வந்த பதிவையாவது எடுத்துக்கொண்டு போங்கள்.