7/8-ல் பீம் தப்பினால் அழுத்தமும் தப்பும்

ஒரு ஒத்திகையில் 7/8-ல், அதாவது ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஏழு குவேவர் (எட்டில் ஒரு பங்கு நீள நோட்டு) என்ற கணக்கில் அமைந்த பகுதி வந்ததும் வாத்தியங்களின் அழுத்தம் ஆளுக்கொரு பக்கம் போனது. அனைவரும் அனுபவசாலிகள். இசைக்குறிப்புத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு நோட்டும் பிழையில்லை. இசையமைப்பாளர் நினைத்தது 2+2+3, அதாவது ‘தக தக தகிட’. தாளில் குவேவர்கள் பீம் என்ற கோட்டால் 3+2+2 ஆகக் கட்டப்பட்டிருந்தன. கண் ‘தகிட தக தக’ என்றுதான் படிக்கும். அந்தத் தாளைத் தயாரித்தவன் நான். இசைக்குறிப்பு மென்பொருள் தானாகப் போட்ட பீமை அப்படியே விட்டிருந்தேன்.

குவேவர்களின் தண்டுகளை இணைக்கும் அந்தத் தடித்த கோடு அலங்காரம் இல்லை. ஆறு குவேவர்களை மும்மூன்றாகக் கட்டினால் 6/8, இரண்டிரண்டாகக் கட்டினால் 3/4. மொத்த நீளம் ஒன்றுதான், துள்ளல் வேறு. வாசிப்பவர் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, கட்டுக்கட்டாகப் பார்க்கிறார்.

பலர் செய்வது, ஒவ்வொரு பாராகப் போய் பீமைக் கையால் வெட்டி ஒட்டுவது. தயவுசெய்து வேண்டாம். பிறகு நடுவில் ஒரு ரெஸ்ட் (மௌனக் குறி) நுழைத்தால், வெட்டிய இடங்கள் நோட்டோடு சேர்ந்து நகர்ந்துவிடும். 2+2+3 போன்ற பிரிவை டைம் சிக்னேச்சரிலேயே (7/8 போன்ற தாளக் குறியிலேயே) சொல்லிவிடுங்கள். இசைக்குறிப்பு மென்பொருள்களில், டோரிகோவில் [2+2+3]/8 என்று தட்டினால் தாளில் 7/8 மட்டும் தெரியும், பீம் சரியாக விழும். லிலிபாண்டில் டைம் கட்டளையில் 7/8-க்கு முன் 2,2,3 என்று எழுதினால் போதும். சிபேலியஸில் டைம் சிக்னேச்சர் போடும்போதே பீம் குழுக்களைக் கேட்கும். மியூஸ்கோரில் அதை டைம் சிக்னேச்சரின் ப்ராப்பர்டீஸில் மாற்றலாம். முன்பே கையால் மாற்றியவற்றுக்கு ‘ரீசெட்’ கொடுக்க மறக்காதீர்கள்.

பாதியில் பிரிவு 3+2+2 ஆக மாறுகிறதா? அங்கே புதிய பிரிவோடு இன்னொரு 7/8 போட்டு மறைத்துவிடுங்கள். பாருக்கு மேல் சின்னதாக 3+2+2 என்று எழுதினால் வாசிப்பவர் நன்றி சொல்வார்.

செமிகுவேவர் (குவேவரில் பாதி நீளம், இரண்டு கோடுகளால் கட்டப்படுவது) வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த மூன்று குவேவர் இடத்தில் ஆறு செமிகுவேவர்கள் ஒரே கட்டாக வந்தால் கண் தடுமாறும். முதல் கோட்டைத் தொடரவிட்டு, இரண்டாவது கோட்டை மட்டும் இரண்டிரண்டாக உடைத்தால் துடிப்பு தெரியும், கட்டும் சிதறாது.

மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாக வேறு மென்பொருளுக்கு மாற்றுபவர்களும் பார்க்க வேண்டும். அதில் பீம் நோட்டுக்கு நோட்டு பதிவாகிறது. வந்த பார்கள் சரியாகவே தெரியும். நீங்கள் புதிதாகச் சேர்க்கும் பாரில் பழைய தவறு திரும்ப வரலாம். இறக்கியதும் பிரிவை மறுபடி அமையுங்கள்.

அப்புறம், பிளேபேக்கை நம்பாதீர்கள். பீம் எப்படி இருந்தாலும் ஒலிக்கும் நோட்டுகள் அதேதான், அதனால் இந்தப் பிழை காதில் விழாது. இப்போதெல்லாம் அச்சுக்கு அனுப்புமுன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, தாளை மட்டும் பார்த்துக் கைதட்டிப் பார்க்கிறேன்.