ஃபான்டீனும் தண்டல் நோட்டும்

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். சுருக்குப் பையிலிருந்து தண்டல் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளங்கை அளவு நோட்டு, ஓரமெல்லாம் ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. கடன் 10,000 என்று எழுதியிருந்தது. கைக்கு வந்தது 8,500. தினம் 100 ரூபாய், 100 நாள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகவில்லை. தண்டல் மட்டும் நிற்கவில்லை. அந்தக் கடனை அடைக்க அதே ஆளிடம் இன்னொரு கடன். காதில் தோடு இல்லை.

"எப்டியாவது கட்டிடுவேன் மேடம். வூட்ல மட்டும் தெரிய வேணாம்" என்றார்.

எனக்கு ஃபான்டீன் நினைவுக்கு வந்தாள். விக்தோர் ஹ்யூகோவின் 1862-ஆம் வருட நாவலில் வருபவள். சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' வழியாகத் தமிழுக்கும் வந்தவள். மணமாகாமல் பெற்ற மகள் கோசெத்தைச் சத்திரம் நடத்தும் தெனார்தியே தம்பதியிடம் விட்டுவிட்டு ஆலை வேலைக்குப் போகிறாள். குழந்தையை வளர்க்க மாதம் 7 பிராங்க் என்று பேச்சு. அது 12 ஆகிறது, பிறகு 15. அவளுக்கு எழுதத் தெரியாது. கடிதம் எழுதிக் கொடுத்த ஆளின் வாயிலிருந்துதான் குழந்தை விஷயம் வெளியே கசிந்து வேலையும் போகிறது. அப்புறம் நாளுக்கு 17 மணி நேரம் தையல். குழந்தைக்குக் குளிர் என்று கடிதம் வந்தால் கூந்தலை விற்கிறாள். காய்ச்சல் என்று வந்தால் முன்பற்கள் இரண்டை 40 பிராங்குக்கு விற்கிறாள். காய்ச்சலே பொய்.

அவள் மன உறுதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொறுமையை வைத்துத்தான் தெனார்தியே பிழைத்தான். பின்னால் அவள் ஊர் மேயர் தலையிட்டுப் பணம் அனுப்பியபோது, அவன் 500 பிராங்குக்கு மேல் ஒரு பில் போட்டான். அதில் இருந்த வைத்தியச் செலவு அவனுடைய சொந்தப் பிள்ளைகளுக்கு ஆனது! அதுவரை தனியாகவே கட்டி வந்த ஃபான்டீன் ஒருமுறைகூடக் கணக்குக் கேட்கவில்லை. அவமானத்துக்குப் பயந்து ஒளிந்திருப்பவள் எப்படிக் கேட்பாள்?

நம் தமிழ்நாட்டில் 2003 முதல் அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களையே சொல்லித் தடுக்கும் சட்டம் அது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தால் போதும். வெற்றுப் பத்திரத்திலோ தேதி போடாத செக்கிலோ தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். கட்டும் ஒவ்வொரு நாளும் நோட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போன கதைகள் என்னிடம் நிறைய உண்டு.

அக்காவும் நானும் பக்கம் பக்கமாகக் கூட்டினோம். இரண்டு கடனும் சேர்த்து அவர் கையில் வாங்கியது 12,750. கட்டியது 19,600. இன்னும் 6,000 பாக்கி என்று நோட்டு சொன்னது. அவர் அந்தத் தொகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைத் தனியா ஒரு பேப்பர்ல பெருசா எழுதிக் குடுங்க மேடம்" என்றார். "வூட்டுக்காரருகிட்ட காட்டணும்."