பிட்ச் – மையத்தொலைவு

ஷெல் என்னும் உருளைக் கூட்டுக்குள் குழாய்களை அடுக்கிய வெப்பப் பரிமாற்றியின் வரைபடத்தில் ‘பிட்ச் 25.4’ என்றிருந்தால், ஒரு குழாயின் மையத்திலிருந்து அடுத்த குழாயின் மையம் வரை 25.4 மி.மீ. என்று பொருள். இதைப் பலரும் ‘குழாய் இடைவெளி’ என்று எழுதிவிடுகிறார்கள். குழாயின் வெளிவிட்டம் 19.05 மி.மீ. என்றால் உண்மையான இடைவெளி வெறும் 6.35 மி.மீ.தான்.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பழைய பொருள் ஊன்றுதல், அடித்து நிறுத்துதல். கூடாரம் அடிப்பதற்கு இன்றும் அதே வினைதான். தார் போன்ற கீலைக் குறிக்கும் பிட்ச் வேறு வேரிலிருந்து வந்தது. திருகின் பிட்சைப் பாடநூல்கள் ‘புரியிடைத் தூரம்’ என்கின்றன. குழாயில் புரி ஏது? ‘மையத்தொலைவு’ என்பதே இங்கே பொருந்தும். குழாய்களை அடுக்கும் விதத்துக்கு ‘அடுக்கமைப்பு’ போதும்.

மையத்தொலைவு வெளிவிட்டத்தின் 1.25 மடங்குக்குக் குறையக் கூடாது என்பது டெமா (TEMA) என்ற பரிமாற்றித் தயாரிப்பாளர் சங்கத்தின் விதி. குறைத்தால், குழாய் முனைகள் பொருந்தும் குழாய்த் தகட்டில் துளைகளுக்கு நடுவே எஞ்சும் உலோகம் மெலிந்துவிடும். குழாய் முனையை உருட்டி விரிக்கும்போது பக்கத்துத் துளை கோணி, கசிவு தொடங்கும்.

முக்கோண அடுக்கமைப்பில், அதே மையத்தொலைவுக்கு, சதுரத்தைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதல் குழாய்கள் அடங்கும். ஆனால் குழாய்களுக்கு வெளியே ஓடும் திரவம் படிவு விடுமானால் சதுரம்தான். படிவை நீக்கும் நீர்ப்பீச்சு உள்ளே புக, நேரான சந்து கால் அங்குலமாவது வேண்டும். அழுக்குத் திரவம் குழாய்க்குள்ளே மட்டும் ஓடினால் முக்கோணத்துக்குத் தடையில்லை. குழாய்க்கட்டை வெளியே உருவ முடியாதபடி குழாய்த் தகடுகளை ஷெல்லோடு பற்றவைத்த பரிமாற்றியில் சந்து விடுவதும் வீண். அங்கே ரசாயனக் கழுவல்தான் வழி.

ஓட்டம் மந்தமாக இருந்தால், ஓட்டத்துக்கு நேராக வரிசைகள் அமைந்த 90 பாகைச் சதுரத்தில் திரவம் சந்து வழியே நழுவி, வெப்பம் சரியாக மாறாது. அப்போது சதுரத்தை 45 பாகைக்குத் திருப்புவார்கள். சுத்தம் செய்யும் சந்தும் மிஞ்சும்.

முக்கோணத்தில் அடுக்கின் கோணத்தைக் குறிக்கும் 30, 60 என்ற எண்கள் ஓட்டத் திசையை வைத்தே சொல்லப்படுகின்றன. வெளியே ஓடும் திரவத்தைக் குழாய்களுக்குக் குறுக்கே திருப்பும் தடுப்புத் தகட்டின் வெட்டு 90 பாகை திரும்பினால், ஒரு துளைகூட நகராமலே 30 பாகை அடுக்கு 60 ஆகிவிடும். சதுரத்துக்கு இந்த வம்பு இல்லை. எனவே முக்கோணம் போடும் வரைபடத்தில் கோணத்தோடு ஓட்ட அம்புக்குறியும் இருக்கட்டும்.